143-ஐப் பார்த்தோம்... 66-ஐப் பார்த்தோமா? அண்டர்-19 பசங்களின் இங்கிலாந்து சம்மர்!

ஜூலை 5, சனிக்கிழமை. வீக் எண்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா படவேடு. ஜவ்வாது மலை அடிவாரம், வாழைத் தோப்பு, ரேணுகாம்பாள் கோயில்னு ஆடி மாசத்துல மட்டும் பஸ் பஸ்ஸா கூட்டம் வருமே, அதே படவேடுதான். ஆடிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்ததால தெரு அமைதியா இருந்துச்சு. எங்க வீட்டுத் திண்ணை மட்டும் விதிவிலக்கு. அங்கே ஒரு போன், அதைச் சுத்தி ஏழெட்டுப் பசங்க.

போனுக்குச் சொந்தக்காரன் என் அக்கா பையன். ஆரணியில பட்டுத்தறி ஓடுற வீடு அவங்களோடது. லீவு விட்டா இங்கே வந்துடுவான். வயசு 13, லெஃப்ட் ஆர்ம் ஃபாஸ்ட். டென்னிஸ் பாலில்தான். அறுவடை முடிஞ்ச வயல்தான் அவன் ஸ்டேடியம்.

"மாமா, வைபவ் அடிக்கிறான் மாமா, வா வா!"

இங்கிலாந்துல வொர்செஸ்டர் மைதானம். அண்டர்-19 இந்தியா - இங்கிலாந்து நாலாவது ஒருநாள் போட்டி. டிவியில எல்லாம் வரலை. கவுன்ட்டி கிளப்போட யூடியூப் சேனல்ல லைவ். அந்த ஸ்ட்ரீம்ல 14 வயசு வைபவ் சூர்யவன்ஷி 52 பந்துல சதம் அடிச்சான். யூத் ஒருநாள் போட்டிகள்ல அதுவரைக்கும் வேகமான சதம் 53 பந்து. 2013-ல பாகிஸ்தானோட கம்ரான் குலாம் அடிச்சது. ஒரே பந்து வித்தியாசத்துல 12 வருஷ ரெக்கார்டு காலி. கடைசியில 78 பந்துல 143. இன்னொரு பக்கம் விஹான் மல்ஹோத்ரா 129. இந்தியா 363. ஜெயிச்சது 55 ரன்னுல. சீரிஸும் அன்னிக்கே நம்ம கையில, 3-1.

ராத்திரி பத்து மணிக்குள்ள அந்த சிக்ஸர்கள் எல்லாம் ரீல்ஸா வெட்டப்பட்டு, பேக்ரவுண்டு மியூசிக்கோட என் போனுக்கே நாலு தடவை வந்துடுச்சு. உங்களுக்கும் வந்திருக்கும்.

இப்போ ஒரு கேள்வி. ரெண்டு நாள் கழிச்சு, ஜூலை 7, திங்கட்கிழமை, அதே வொர்செஸ்டர் மைதானத்துல அஞ்சாவது போட்டி நடந்துச்சே... அதுல நம்ம டீம்ல யார் அதிக ரன் அடிச்சாங்கன்னு தெரியுமா?

ஆர்.எஸ்.அம்ப்ரிஷ். நம்ம தமிழ்நாட்டுப் பையன். 81 பந்துல 66, கடைசி வரைக்கும் நாட் அவுட். அவன் நிக்கலைன்னா 210-ங்கிற ஸ்கோரே வந்திருக்காது. வைபவ் அன்னிக்கு 33. அதுவும் 42 பந்துல, அவனோட கணக்குப்படி அது ஆமை வேகம். இங்கிலாந்து 31.1 ஓவர்ல மூணே விக்கெட் இழந்து சேஸ் பண்ணிடுச்சு. தோத்த மேட்ச். ரீல்ஸ் வரலை. அக்கா பையனைக் கேட்டேன். "திங்கக்கிழமை மேட்ச் இருந்துச்சா மாமா?"ன்னான்.

அவனைச் சொல்லி என்ன பண்றது? கிரிக்கெட் பத்தி எழுதுற நானே அன்னிக்கு சென்னை திரும்புற பஸ்ல ஸ்கோர் மட்டும்தான் பார்த்தேன்.

ஏழு மேட்ச், மூணு வெற்றி

இந்த டூரை மொத்தமா வெச்சுப் பார்த்தா 'சூப்பர்'னும் சொல்ல முடியாது, 'சொதப்பல்'னும் சொல்ல முடியாது. அஞ்சு ஒருநாள் போட்டி, ரெண்டு நாலு நாள் யூத் டெஸ்ட். மூணு வெற்றி, ரெண்டு தோல்வி, ரெண்டு டிரா. ஆனா அந்த நம்பருக்குள்ள ஒவ்வொரு பையனுக்கும் ஒவ்வொரு சம்மர் நடந்திருக்கு.

ஜூன் 27, ஹோவ்ல முதல் மேட்ச். இங்கிலாந்து 174-க்கு ஆல் அவுட். வைபவ் 19 பந்துல 48. 24 ஓவர்ல ஆட்டம் முடிஞ்சது. பசங்க என்ன நினைச்சிருப்பாங்க? 'இவ்ளோதானா இங்கிலாந்து'ன்னுதான். மூணு நாள் கழிச்சு நார்த்தாம்டன்ல பதில் வந்துச்சு. இந்தியா 290 அடிச்சும், இங்கிலாந்து கேப்டன் தாமஸ் ரூ 131 விளாசி, மூணு பந்து மிச்சம் இருக்க ஒரே ஒரு விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சுட்டாங்க. அந்த மேட்ச்ல அம்ப்ரிஷ் நாலு விக்கெட் எடுத்தான். ஆனா 80 ரன்னும் கொடுத்தான். ஒரே ஸ்பெல்லை ஹீரோன்னும் எழுதலாம், வில்லன்னும் எழுதலாம்.

எனக்கு இந்த சீரிஸ்ல ரொம்பப் பிடிச்சது மூணாவது மேட்ச். ஜூலை 2, மறுபடியும் நார்த்தாம்டன். 40 ஓவரா குறைச்ச ஆட்டம். இங்கிலாந்து 268. வைபவ் 31 பந்துல 86, ஒன்பது சிக்ஸர். ரீல்ஸ் அதோட முடிஞ்சிடும். ஆனா மேட்ச் முடியலை பாஸ். அவன் போனதுக்கு அப்புறம் விக்கெட்டுகள் விழுந்து, ஆறு பேர் பெவிலியன்ல உக்காந்திருந்தாங்க. இன்னும் எழுபது ரன்னுக்கு மேல வேணும். அங்கேதான் கனிஷ்க் சௌஹானும் அம்ப்ரிஷும் சேர்ந்தாங்க. 43 நாட் அவுட், 31 நாட் அவுட். 33 பந்து மிச்சம் வெச்சு முடிச்சுக் கொடுத்தாங்க. அன்னிக்கு அவங்க அவுட் ஆகியிருந்தா, 86 ரன் ரீல் அப்படியே வைரல் ஆகியிருக்கும். சீரிஸ் 1-2-ன்னு ஆகியிருக்கும்.

வைபவைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. அஞ்சு மேட்ச்ல 355 ரன், ஸ்ட்ரைக் ரேட் 174. ஏப்ரல் 28-ம் தேதி ஜெய்ப்பூர்ல குஜராத் டைட்டன்ஸுக்கு எதிரா 35 பந்துல ஐபிஎல் சதம் அடிச்சப்போ நானும் சோபா மேல ஏறிக் குதிச்சவன்தான். அதுக்கு முன்னாடி, 2024 அக்டோபர்ல நம்ம சேப்பாக்கத்துலயே ஆஸ்திரேலியா அண்டர்-19-க்கு எதிரா 58 பந்துல சதம் அடிச்ச பையன். திறமையில சந்தேகமே இல்லை. ஆனா அதே பையன் ரெண்டு யூத் டெஸ்ட்ல நாலு இன்னிங்ஸ் ஆடி அடிச்சது 14, 56, 20, 0. மொத்தம் 90. சிவப்பு பந்து, இங்கிலாந்து காத்து, பொறுமையா வெளியே வெளியே போடுற பௌலர்கள். 14 வயசுல அதைக் கத்துக்கத்தான் அனுப்புறாங்க. அதனால அந்த 90-ஐத் தோல்வின்னு நான் சொல்ல மாட்டேன். 143-ல அவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்சது வெளியே வந்துச்சு, 90-ல தெரியாதது என்னன்னு புரிஞ்சிருக்கும்.

27-ல் இருந்து 340

சிஎஸ்கே ரசிகர்கள் கொஞ்சம் கிட்ட வாங்க. இது உங்க ஆளு கதை.

கேப்டன் ஆயுஷ் மாத்ரே. 17 வயசு. ருதுராஜ் கெய்க்வாட் காயம் ஆனதால நடுவுல சிஎஸ்கேவுக்குள்ள வந்து, மே 3-ம் தேதி ஆர்சிபிக்கு எதிரா 48 பந்துல 94 அடிச்ச பையன். அந்த மேட்சை ரெண்டே ரன்னுல தோத்தோம். (இன்னும் வலிக்குது. விடுங்க.) அந்த 94-ஓட இங்கிலாந்து போனா, எல்லாரும் எதிர்பார்க்கத்தானே செய்வாங்க?

ஒருநாள் போட்டிகள்ல அவன் ஸ்கோர்: 21, 0, 5, 1. மூணாவது மேட்ச்ல ஆடவே இல்லை. நாலு இன்னிங்ஸ்ல 27 ரன். எதிர் முனையில தன்னைவிட மூணு வயசு சின்னப் பையன் உலக ரெக்கார்டு போட்டுக்கிட்டிருக்கான். டாஸுக்குப் போறது இவன், பேட்டி கொடுக்குறது இவன், தோத்தா பதில் சொல்றதும் இவன். காலேஜ்ல ஒரு அரியர் விழுந்ததுக்கே நான் ரெண்டு வாரம் ரூமை விட்டு வெளியே வராதவன். அதனால அந்தப் பையன் மனசு எப்படி இருந்திருக்கும்னு யோசிக்காம இருக்க முடியலை.

அப்புறம் டெஸ்ட் வந்துச்சு. பெக்கன்ஹாம்ல ஜூலை 12-ல் தொடங்கின முதல் போட்டியில 102. இந்தியா 540. அபிக்யான் குண்டு 90, ராகுல் குமார் 85, நம்ம அம்ப்ரிஷ் 70. ரெண்டாவது இன்னிங்ஸ்ல மாத்ரே 32. ஜெயிக்க 350 வேணும்கிற நிலையில இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 270-ல நிக்க, ஆட்டம் டிரா.

செல்ம்ஸ்ஃபோர்ட்ல நடந்த ரெண்டாவது டெஸ்ட்தான் இந்த சம்மரோட கிளைமாக்ஸ். அதை இங்கே யாருமே சரியா பார்க்கலைங்கிறது என் ஆதங்கம். ஜூலை 23, கடைசி நாள். இந்தியாவுக்கு டார்கெட் 355. நேரம் ரொம்பக் குறைவு. வேற எந்த டீமா இருந்தாலும் கட்டை போட்டு டிரா பண்ணிட்டுக் கிளம்பியிருப்பாங்க. அதுவும் வைபவ் முதல் பந்துலேயே டக் அவுட். முதல் இன்னிங்ஸ்ல 80 அடிச்சிருந்த மாத்ரே இப்போ 80 பந்துல 126. அபிக்யான் 65. வெறும் 43 ஓவர்ல 6 விக்கெட்டுக்கு 290. இன்னும் 65 ரன். அப்போ வெளிச்சம் போதலைன்னு அம்பயர் ஆட்டத்தை நிறுத்திட்டார். டிரா!

27 ரன் அடிச்ச கேப்டன், அடுத்த ரெண்டு டெஸ்ட்ல 340. ஒருநாள் சீரிஸ் முடிஞ்சதும் 'கேப்டனை மாத்துங்க'ன்னு சோஷியல் மீடியாவுல சவுண்டு விட்ட சிலரோட போஸ்ட் இப்போ காணாமப் போயிருக்கலாம். 17 வயசுப் பையனை நாலு இன்னிங்ஸ் பார்த்து முடிவு கட்டினா இப்படித்தான் ஆகும்.

தோத்த டீம்ல இருந்து வந்தவர்

ஜூனியர் கிரிக்கெட்ல வெற்றி, தோல்வி எவ்வளவு முக்கியம்? ரெண்டு டீமை எடுத்துக்குவோம்.

2012, அண்டர்-19 உலகக்கோப்பை. ஃபைனல்ல கேப்டன் உன்முக்த் சந்த் 111 நாட் அவுட், இந்தியா சாம்பியன். அடுத்த கோலின்னு எழுதாத பத்திரிகை இல்லை. 2021-ல இந்திய கிரிக்கெட்டுல இருந்து ரிட்டயர் ஆகி அமெரிக்கா போயிட்டார். சீனியர் இந்திய அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடலை. அதே உலகக்கோப்பையில காலிறுதி, அரையிறுதி ரெண்டுலயும் ஆட்டநாயகன் யார் தெரியுமா? நம்ம பாபா அபராஜித். அவருக்கும் இந்தியா கேப் கிடைக்கலை.

2016-ல ராகுல் டிராவிட் கோச். ஃபைனல்ல வெஸ்ட் இண்டீஸ்கிட்ட தோத்துட்டோம். அந்தத் தோத்த டீம்ல ரிஷப் பன்ட் இருந்தார், இஷான் கிஷன் இருந்தார். சென்னையில இருந்து போன ஒரு ஒல்லிப் பையன் வாஷிங்டன் சுந்தரும் இருந்தார். செல்ம்ஸ்ஃபோர்ட் டெஸ்ட் முடிஞ்சு நாலே நாள்ல, ஜூலை 27-ம் தேதி, அதே இங்கிலாந்துல, ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துல ஜடேஜாவோட நின்னு 101 நாட் அவுட் அடிச்சு டெஸ்டைக் காப்பாத்தினது அந்தப் பையன்தான். அவரோட முதல் டெஸ்ட் சதம். நடுவுல ஒன்பது வருஷம்.

டிராவிட் காலத்துல வந்த ஒரு விதி இதுக்காகத்தான். ஒரு பையன் ஒரே ஒரு அண்டர்-19 உலகக்கோப்பைதான் ஆடலாம். கப் ஜெயிக்கணும்னு அதே அனுபவசாலிகளைத் திரும்பத் திரும்ப இறக்காம, இன்னொரு பேட்ச் பசங்களுக்கு வாய்ப்பு போகட்டும்னு.

முதுகெலும்புக்கு ரீல்ஸ் தெரியாது

இந்த டூர்ல ஸ்கோர் கார்டுலயே வராத ரெண்டு பேர் இருக்காங்க. ஆதித்யா ராணா, கிலன் படேல். மே மாசம் அறிவிச்ச டீம்ல இவங்க பேர் இருந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி பெங்களூரு கேம்ப்ல ஆதித்யாவுக்குக் கீழ் முதுகுல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், கிலனுக்குக் கால்ல ஸ்ட்ரெஸ் பிரச்னை. ரெண்டு பேரும் அவுட். பதிலுக்குப் போனது நமன் புஷ்பக்கும் தமிழ்நாட்டு ஃபாஸ்ட் பௌலர் டி.தீபேஷும். ஒருத்தன் முதுகு வலிதான் இன்னொருத்தனுக்குப் பாஸ்போர்ட். கேட்கவே ஒரு மாதிரியா இருக்குல்ல?

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்னா கீழே விழுந்து எலும்பு முறியறது இல்லை. ஃபாஸ்ட் பௌலிங் போடும்போது உடம்பு ஒரு பக்கமா வளைஞ்சு, முறுக்கி, முன்கால்ல மொத்த எடையும் இறங்கும். 17, 18 வயசுல முதுகெலும்பு இன்னும் முழுசா முத்தியிருக்காது. அதே இடத்துல தினம் தினம் அடி விழுந்தா மெல்லிசா விரிசல் விடும். சரியாக மாசக்கணக்குல ரெஸ்ட் வேணும். அதனாலதான் இங்கிலாந்துல ஜூனியர் ஃபாஸ்ட் பௌலர் வயசுக்கு ஏத்த மாதிரி இத்தனை ஓவர்தான்னு கணக்கு வெச்சிருக்காங்க.

எங்க ஊர்ப் பக்கம் பொங்கல் டோர்னமென்ட்ல ஒரே நாள்ல மூணு மேட்ச் போடுவான் நல்ல பௌலர். ஓவர் எண்ண ஆள் ஏது? என் அக்கா பையனை ஒரு நாள் வயல்ல பார்த்தேன். மதியம் மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் அவனேதான் போட்டுக்கிட்டிருந்தான். "முதுகு வலிக்கலையாடா?"ன்னா, "அதெல்லாம் பழகிடுச்சு மாமா."

அந்தப் 'பழகிடுச்சு'தான் எனக்கு பயமா இருக்கு.

தறி வீட்டுல இருந்து அண்டர்-19 எவ்வளவு தூரம்?

மேப்ல பார்த்தா படவேட்டுல இருந்து சேப்பாக்கம் ஒரு நாள் பயணம்கூட இல்லை. ஆனா ஜூனியர் கிரிக்கெட்ல அது ரொம்ப நீளமான ரோடு. மாவட்ட செலக்‌ஷன், மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, தமிழ்நாடு அண்டர்-16, அங்கே விஜய் மெர்ச்சன்ட் டிராஃபி, அடுத்து அண்டர்-19-ல வினூ மன்கட், கூச் பெஹார். வயசைப் பொய் சொல்ல முடியாது. இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்ப்பாங்க. அது நல்ல விஷயம்தான். வயசு மோசடியை ஊழலோட ஒப்பிட்டு 2015-ல ஒரு பொது மேடையிலேயே டிராவிட் பேசினார்.

ஆனா இந்த ரோட்டுல முதல் படியே லெதர் பால். டென்னிஸ் பால் ஆடுற பையனுக்கு ஒரு பேட் போதும். லெதர் பாலுக்கு பேட், கிளவுஸ், ஹெல்மெட், ஸ்பைக்ஸ், நெட்ஸ், டர்ஃப் பிட்ச், எல்லாத்துக்கும் மேல வேலையை விட்டுட்டு கூடவே வர ஒரு பெரியவர். பட்டுத்தறி வீட்டுல இந்தக் கடைசி ஐட்டம்தான் கஷ்டம். ஒரு நாள் தறி நின்னா அன்னிக்குக் கூலி இல்லை. சேலை தள்ளிப் போகும், முன்பணம் கொடுத்தவருக்குப் பதில் சொல்லணும்.

சேலம் சின்னப்பம்பட்டி டி.நடராஜனோட அப்பாவும் நெசவு வேலை பார்த்தவர்தான். இருபது வயசு வரைக்கும் நடராஜன் ஆடினது டென்னிஸ் பால். அதாவது, அண்டர்-19ங்கிற கதவு திறந்து மூடினதே அவருக்குத் தெரியாது. 2015 ஜனவரியில ரஞ்சி அறிமுகம், உடனே பௌலிங் ஆக்‌ஷன்ல சந்தேகம், அதைச் சரிபண்ணி 2016-ல டிஎன்பிஎல், 2017-ல பஞ்சாப் அணிக்கு 3 கோடி ரூபாய்க்கு ஐபிஎல் ஏலம், 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல மூணு ஃபார்மேட்டிலும் அறிமுகம். அப்போ வயசு 29. இதை எல்லாரும் 'சாதனைக் கதை'ன்னு ஷேர் பண்றோம். எனக்கு அதுல இன்னொரு கதை தெரியுது. 16 வயசுல அந்த யார்க்கரை ஒரு கோச் பார்த்திருந்தா?

மதுரைப் பொண்ணு ஜி.கமலினி 2025-ல அண்டர்-19 பெண்கள் உலகக்கோப்பையை ஜெயிச்ச டீம்ல ஆடினாங்க. 16 வயசுலேயே மும்பை இந்தியன்ஸ் 1.60 கோடிக்கு எடுத்தது. அதுக்கு அவங்க குடும்பம் மதுரையை விட்டு சென்னைக்கு வீடு மாத்த வேண்டியிருந்துச்சு. எல்லாராலயும் மாத்த முடியுமா? தறியைக் குழியோட பெயர்த்து எடுத்துட்டுப் போக முடியாதே.

நடராஜன் தன் ஊர்லயே ஒரு கிரவுண்டு கட்டி 2023-ல திறந்தார். என்னைக் கேட்டா, ஆஸ்திரேலியாவுல அவர் எடுத்த விக்கெட்டுகளைவிட அது பெருசு. அந்தப் பக்கத்துப் பசங்களுக்கு அந்த ரோடு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆரணிப் பக்கத்துப் பசங்களுக்கு அப்படி ஒரு நடராஜன் வர வரைக்கும் காத்திருக்கணுமா, இல்லை மாவட்டத்துக்கு நாலு டர்ஃப் பிட்ச்சும், பஸ் காசு கொடுத்து ட்ரையல்ஸுக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஏற்பாடும் வருமான்னு தெரிஞ்சா நல்லாருக்கும்.

போன வாரம் அக்கா பையனுக்கு அஞ்சாவது மேட்ச் ஸ்கோர் கார்டை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். 'அம்ப்ரிஷ் 66* (81)'ங்கிற இடத்துல ஒரு வட்டம் போட்டு. ரொம்ப நேரம் ப்ளூ டிக் மட்டும்தான் இருந்துச்சு. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பின்னாடி தறிச் சத்தம்.

"மாமா, இவன் பௌலர்தானே? எத்தனாவதா இறங்கினான்? எல்லாரும் அவுட்டாகும்போது எப்படி மாமா நின்னான்? வீடியோ இருக்கா?"

தேடிப் பார்த்துட்டு முழு மேட்ச் லிங்க்கை அனுப்பியிருக்கேன். எவ்வளவு பார்த்தான்னு இன்னும் சொல்லலை.

2025 செப்டம்பர்ல ஆஸ்திரேலியா டூர். மாத்ரேதான் மறுபடியும் கேப்டன். அம்ப்ரிஷ், தீபேஷ் ரெண்டு பேரும் அந்த டீம்ல இருந்தாங்க. கால் சரியாகி கிலன் படேல் திரும்பிட்டான். ஆதித்யா ராணா பேர் அந்த லிஸ்ட்ல இல்லை.